குந்தி உட்கார ஒரு ஷூ

திருவண்ணாமலையில் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை, தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் விளையாட்டு டிரஸ் என்றால் ரசியா பேகத்தின் வீட்டைத்தான் விசாரித்துக்கொண்டு வருவார்கள். ஓடுகிற பிள்ளைக்குத் தொடையில் எங்கே இறுக்கும், குந்தி எழும்போது எந்தத் தையல் முதலில் விட்டுக்கொடுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அத்துப்படியாக இல்லாமல் எப்படி இருக்கும்? அவளே ஒரு காலத்தில் இதே ஊரில் கோ-கோ ஆடியவள்.

இன்றைக்குப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஐம்பத்தெட்டு வயது. கழுத்தில் டேப், மூக்கு நுனியில் கண்ணாடி. வீட்டுக்குள்ளேயே பஞ்சு மாதிரி ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு, அடுப்படிக்கும் மெஷினுக்கும் நடுவே தேர் நகர்வது போல நகர்வாள். அந்த உடம்புக்குள் ஒரு கோ-கோக்காரி இருந்தாள் என்று சொன்னால் அவள் மருமகளே சிரிப்பாள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் அந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்ததில்லை.

ஆடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் இரண்டு கம்பம், நடுவே வரிசையாக எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒருத்தி குந்தியிருப்பாள். ஒன்பதாவது ஆள் எதிரணியைத் துரத்துவாள். தன் கைக்கு எட்டாது என்று தெரிந்ததும், குந்தியிருப்பவர்களில் ஒருத்தியின் முதுகைத் தொட்டு 'கோ' என்று கத்துவாள். தொடப்பட்டவள் எழுந்து ஓட வேண்டும், தொட்டவள் அவள் இடத்தில் குந்த வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் குந்தல் இருக்கிறதே, அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் எழுந்திருப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். குதிகால் தூக்கியிருக்க வேண்டும், கால்விரல்கள் மட்டும் மண்ணைக் கவ்விக்கொண்டிருக்க வேண்டும், முதுகில் கை பட்டதும் உடம்பு தானாகக் கிளம்ப வேண்டும்.

ரசியாவுக்கு அப்படிக் கிளம்பக் கற்றுக்கொடுத்தது திரௌபதியின் கை. செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பள்ளிக்கு வந்த பெண். பாவாடை மடியில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு வருவாள், பாதியை வகுப்பிலும் மீதியை மைதானத்திலும் இரண்டு பேருமாகக் காலி செய்வார்கள். எப்போதும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம். யார் தொட்டாலும் ரசியா எழுந்துவிடுவாள், ஆனால் திரௌபதி தொட்டால் எழுவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருப்பாள். மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கியதும் உண்டு, தோற்று அழுததும் உண்டு. பத்தாம் வகுப்போடு இரண்டு பேருக்கும் கல்யாணப் பேச்சு வந்தது. ஒருத்தி நாற்றங்காலுக்குப் போனாள், ஒருத்தி தையல் மெஷினுக்கு வந்தாள். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகுதான் மறுபடி பேச்சே தொடங்கியது.

போன வருஷம் திரௌபதியின் வீட்டுக்காரர் காலமானார். ரசியா துக்கத்துக்குப் போய் வந்தாள். அன்றிலிருந்து திரௌபதி வாசற்படி தாண்டவில்லை. கழனிக்குப் போவதில்லை, கடைக்குப் போவதில்லை. "அத்தை இன்னும் அழவே இல்லீங்க. கல்லு மாதிரி குந்திக்கினு இருக்காங்க. அதான் பயமா இருக்கு" என்று அவள் மருமகள் போனில் ரசியாவிடம் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. பொங்கல் கழிந்து பழைய மாணவிகள் விழா, அதில் பழைய கோ-கோக்காரிகள் இப்போதைய பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டுமாம். ரசியா உடனே திரௌபதிக்குப் போன் போட்டாள்.

"நான் வரலடி. எங்கயும் போவப் புடிக்கல" என்றாள் திரௌபதி.

"நான் ஆடப்போறேன். உன் பக்கத்துக் கட்டத்துல குந்தப்போறேன்."

"நீயா? உன்னால குந்த முடியுமா?"

"ஏன் முடியாது?"

"நெஜமா குந்துறதுன்னா சொல்லு, வரேன். சும்மா வந்து சேலையக் காட்டிட்டு சோறு தின்னுட்டுப் போறதுன்னா என்னை விட்டுடு."

"குந்துறேன்டி" என்று ரசியா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த வாக்கைப் போனை வைத்த கையோடு சோதித்துப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள், குதிகாலைத் தூக்கினாள், மெதுவாகக் கீழே இறங்கினாள். பாதி தூரத்திலேயே உள்ளங்காலில் சுருக்கென்று ஏதோ இழுத்தது. கட்டைவிரல் மடங்க மாட்டேன் என்றது. அடுத்த நொடி அவள் வெட்டுத்துணிக் குவியலின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த அவள் வீட்டுக்காரர் அப்துல், "என்ன ரசியா, ஊசி தேடறியா?" என்றார். அவள் படுத்தபடியே தன் கால்களைப் பார்த்தாள். கோபம் கோபமாக வந்தது.

ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் கவிநிலா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். மகள் வயசுதான் இருக்கும். ரசியாவின் கால்களைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்டுத் தரையில் நடக்கச் சொன்னாள். தடம் முழுசாக விழுந்தது, நடுவில் வளைவு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை.

"முட்டி நல்லா இருக்கும்மா. பாதம்தான் தூங்கிப் போச்சு. என்ன வேலை பண்றீங்க?"

"தையல்."

"மெதிக்கிற மெஷினா?"

அப்போதுதான் ரசியாவுக்கே உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து மிதித்து மிதித்துத் தைத்தவள்தான். அம்மாவுக்குக் கால் வலிக்குமே என்று மகன் அஜ்மல் மெஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்தான். அம்மாவுக்குத் தரை குளிருமே என்று மெத்தென்ற செருப்பும் வாங்கிக் கொடுத்தான். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசத்தில் பாதம் சொகுசு கண்டுவிட்டது, வேலையை மறந்துவிட்டது.

"பாதத்துக்கும் தசை இருக்கும்மா. வேலை குடுத்தா திரும்ப வரும். விழாவுக்கு நிறைய நாள் இருக்கு, பயப்படாதீங்க" என்றாள் கவிநிலா. வெறுங்காலில் செய்யச் சில பயிற்சிகள் சொன்னாள். வெளியில் நடக்க ஒரு ஷூ வாங்கச் சொன்னாள். "மெத்து மெத்துனு இருக்கறது வேணாம். அடி மெலிசா, சமமா இருக்கணும். விரல்கிட்ட ரெண்டு விரலால அமுக்கினா மடங்கணும். ஈரத் துண்ட முறுக்கற மாதிரி முறுக்கினா முறுக்க வரணும். உள்ள அஞ்சு விரலும் பிரிஞ்சு உக்காரணும். முதல்ல வீட்டுக்குள்ள கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்க. ஒரே நாள்ல ஊரச் சுத்திடாதீங்க."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஷூ கடை. போலீஸ் செலக்ஷனுக்கு ஓடிப் பழகுகிற பையன்கள் எல்லாம் அங்கேதான் வாங்குவார்கள். விற்பனையில் நின்றிருந்தவன் பெயர் வேடியப்பன். புர்காவோடு ஒரு அம்மா, கூடவே பாய் ஒருத்தர் என்றதும் பேரனுக்கு வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"பையனுக்கு என்ன சைஸுங்கம்மா?"

"எனக்குத்தான்."

அவன் இருப்பதிலேயே கனமான அடிப்பாகம் வைத்த ஒன்றை எடுத்து வந்தான். "இதப் போட்டுப் பாருங்க, மேகத்து மேல நடக்கற மாதிரி இருக்கும்."

"மேகத்துல நான் என்னத்தப் பண்ணப்போறேன், எனக்குத் தரை தெரியணும்" என்றாள் ரசியா. வாங்கி இரண்டு கையாலும் முறுக்கினாள். அது அசைந்து கொடுக்கவில்லை. அடுத்ததை முறுக்கினாள், அதற்கடுத்ததையும் முறுக்கினாள். ஈரத்துணி பிழிகிற வேகத்தில் அவள் ஒவ்வொன்றாக முறுக்கித் தள்ளுவதைப் பார்த்து, ஓட்டப் பையன்கள் இரண்டு பேர் தாங்கள் எடுத்து வைத்திருந்ததை மெல்லத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

வேடியப்பனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "இப்பிடி மடங்குற மாதிரின்னா ஒரு ஜிம் ஷூ இருக்குது. அடி மெலிசுன்னு யாரும் வாங்க மாட்டேங்குறாங்க, மட்டம்னு நெனச்சிடறாங்க" என்று கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை உருவினான். சாம்பல் நிறம், துணி மேல்பாகம். முறுக்கினாள், முறுக்கிக்கொண்டது. மடித்தாள், சப்பாத்தி மாதிரி மடிந்தது. காலில் போட்டுக்கொண்டாள். நடுக்கடையில், கண்ணாடி ரேக்கைப் பிடித்தபடி, குதிகாலைத் தூக்கிக் குந்தப் போனாள்.

"அம்மா, என்ன ஆச்சு?" என்று வேடியப்பன் பதறி ஸ்டூலை இழுத்துவந்தான்.

"ஒண்ணும் ஆவல தம்பி. ஷூவப் பாக்கறாங்க" என்றார் அப்துல், மானம் போகிற முகத்தோடு.

முழுசாகக் குந்த முடியவில்லைதான். ஆனால் பாதம் எந்த இடத்தில் மடிய வேண்டுமோ அந்த இடத்தில் ஷூவும் மடிந்தது. அது போதும் அவளுக்கு.

இங்கேதான் நம் ஊர்க் குணம் குறுக்கே வந்தது. அப்துல் சின்னதாக ஒரு சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எந்தக் குழந்தை வந்தாலும் ஒரு அளவு பெரிய சைக்கிளைத்தான் தலையில் கட்டுவார். "வளர்ற புள்ள, கால் எட்டும், இப்போ சின்னதா வாங்கினா அடுத்த வருஷம் மறுபடி வரணும்" என்பது அவர் வாய்ப்பாடு. அதே வாயால், "ஒரு சைஸ் ஜாஸ்தியாவே குடுங்க தம்பி" என்றார். ரசியாவும் தலையாட்டினாள். அவளும் அதே வளர்ப்புத்தானே! சின்ன வயதில் அவள் அத்தா வாங்கித் தந்த வெள்ளைக் கேன்வாஸுக்குள் பஞ்சை அடைத்துத்தான் பி.டி. பீரியடுக்குப் போவாள். ஷூ அளவாக வரும்போது அடி தேய்ந்திருக்கும். கட்டைவிரல் நுனியில் காலியாக ஒரு இடம் இல்லாவிட்டால், காசு கொடுத்து ஏமாந்த மாதிரி தோன்றும் ஆட்கள் இவர்கள்.

கொஞ்ச நாளில் விரல்களில் பிடிப்பு வந்தது. ராத்திரியெல்லாம் நரம்பைச் சுருட்டி இழுக்கிற குரக்களி. கவிநிலாவிடம் ஷூவோடு போனாள். அவள் நுனியை அமுக்கிப் பார்த்தாள்.

"ஏம்மா இவ்ளோ பெருசு? ஷூ கழண்டுடாம விரல் இதப் புடிச்சிக்கினே இருக்குது. அதான் வலி."

"வளர்ற கால்..." என்று தொடங்கிய ரசியா, தன் வாயில் என்ன வந்தது என்று கேட்டு அப்படியே நிறுத்திவிட்டாள். கவிநிலா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். ரசியாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீட்டுக்குள் மட்டுமே போட்டதால் அடி அழுக்காகவில்லை. வேடியப்பன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தான். இந்த முறை அப்துலைக் கடைக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அதற்கப்புறம் நடந்ததை வேலை என்றுதான் சொல்ல வேண்டும். மெஷின் மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். அஜ்மலுக்கு முகம் வாடிப்போனது. "ஊர்ல என்னைப் பத்தி என்னம்மா நெனப்பாங்க?" என்றான். "எங்கம்மா கோ-கோ ஆடறாங்கன்னு சொல்லு" என்றாள். காலையில் மிதித்துத் தைப்பாள். கீழே விழுகிற வெட்டுத்துணியைக் குனிந்து பொறுக்காமல், கால்விரலால் கவ்விக் கூடையில் போடுவாள். முதலில் ஒரு துண்டுகூட மாட்டவில்லை. அப்துல் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "பாக்கறதுக்கு நண்டு மாதிரி இருக்குது" என்பார். பிறகு அவரே ரகசியமாகத் தன் காலால் கவ்விப் பார்த்துத் தோற்றுப்போனதை அவள் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் ஷூவைப் போட்டுக்கொண்டு நடை. தெரு மூலை வரை, பிறகு அடுத்த தெரு வரை, பிறகு இன்னும் தூரம். அந்த மெல்லிய அடி வழியாக ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கல் தெரியத் தெரிய, எங்கேயோ புதைந்து கிடந்ததெல்லாம் கால் வழியே ஏறி வந்தது. மழை பெய்து காய்ந்த மைதானம், உள்ளங்காலில் பொறுக்கு உடைவது. ஆட்டம் முடிந்து குழாயடியில் கால் கழுவும்போது செம்மண் தண்ணீர் ஓடுவது. வேர்க்கடலைத் தோலை ஊதி விடுவது. மலை நிழல் மைதானத்துக்குள் வந்துவிட்டால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும், அந்த நிழலைத் திட்டிக்கொண்டே இன்னொரு ஆட்டம் ஆடுவது. எத்தனை வருஷமாக இதையெல்லாம் நினைக்கவே இல்லை! அந்தப் பிள்ளைகள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, மெஷினைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். குந்திவிட்டாள். கையை எடுத்தாள். விழவில்லை. அப்துலைக் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. திரௌபதிக்குப் போன் போட்டு, "பஸ்ஸுக்குக் கிளம்பு" என்று மட்டும் சொன்னாள்.

விழாவன்று ரசியா பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்றாள். திரௌபதி இளைத்திருந்தாள். வெறும் நெற்றி, மங்கலான ஒரு நூல் சேலை. கையைப் பிடித்தாள். ஆட்டோவில் வெளியே பார்த்தபடியே வந்தாள். கல்லு மாதிரி என்று மருமகள் சொன்னது சரிதான் என்று ரசியா நினைத்துக்கொண்டாள்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கம்பம் நட்டிருந்தார்கள். நடு வரிசையில், கட்டத்துக்கு ஒன்றாக, எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். கல்யாண மண்டபத்தில் போடுகிற மாதிரி பளபளப்புத் துணி உறை, முதுகில் ரோஸ் ரிப்பன் வேறு.

"பெரியவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதாங்க. நாற்காலியில உக்காந்தே ஆடலாம், கையத் தட்டினா போதும்" என்றாள் விளையாட்டு ஆசிரியை ரேவதி. நல்ல பெண். நல்ல எண்ணம். வந்திருந்த பழைய மாணவிகள், "அப்பாடா" என்று போய் உட்கார ஆரம்பித்தார்கள்.

திரௌபதி நாற்காலிகளைப் பார்த்தாள், ரசியாவைப் பார்த்தாள். "நான் வரேன்டி. பஸ்ஸு இருக்கும்" என்று திரும்பினாள்.

ரசியா அவள் பின்னால் போகவில்லை. போய்க் கெஞ்சினால் நிற்கிறவள் இல்லை என்று தெரியும். நேராகக் கோட்டுக்குள் நடந்தாள். ஒரு நாற்காலியை ரிப்பனோடு தூக்கி ஓரமாக வைத்தாள். துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குதிகாலைத் தூக்கினாள், ஷூ மடிந்தது, விரல்கள் பிரிந்து மண்ணைப் பிடித்தன. குந்தினாள்.

"அம்மா, பரவால்லைங்க, மேலயே உக்காருங்க" என்று ரேவதி ஓடி வந்தாள்.

"நாற்காலியில குந்தறதுக்குப் பேரு கோ-கோ இல்லம்மா. விசில் ஊதுங்க."

பின்னால் ஒரு நாற்காலி மண்ணில் இழுபடும் சத்தம் கேட்டது. செருப்பை உதறும் சத்தம் கேட்டது. சேலையைத் தூக்கிச் செருகும் சரசரப்பு. பக்கத்துக் கட்டத்தில் ஒரு உடம்பு வந்து இறங்கியது, எந்தத் தள்ளாட்டமும் இல்லாமல், கழனிக்காரிக்கே உரிய சுலபத்தோடு.

கோ-கோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே பார்க்க வேண்டும், அது விதி. ரசியா கிழக்கே ஊர்ப் பக்கம் பார்த்திருந்தாள். திரௌபதிக்கு முன்னால் மலை. விசில் ஊதியாயிற்று, பிள்ளைகள் ஓடுகிறார்கள், சுற்றிலும் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே ரசியாவுக்கு ஒரு சத்தம் கேட்டது. முதலில் மூச்சு வாங்குகிறாள் என்றுதான் நினைத்தாள். அப்புறம் புரிந்தது. திரௌபதி அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் யார் முகத்தைப் பார்த்தும் வராத அழுகை, யார் முகமும் தெரியாத அந்த இடத்தில், மலையைப் பார்த்துக் குந்தியபடி விம்மி விம்மி வந்துகொண்டிருந்தது.

ரசியாவுக்குத் திரும்பிக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் அழுகை நின்றுவிடும். "அழு" என்று மட்டும் முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "நல்லா அழுடி. யாரும் பாக்கல."

அந்த நேரம் பார்த்து அவள் முதுகில் ஒரு கை விழுந்தது. கோ.

எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கால்தான் எழுந்தது. ஓடினாள். பிள்ளைகள் மரியாதைக்காக மெதுவாக ஓடினார்கள். "ஒழுங்கா ஓடுங்கடி" என்று ஒரு அதட்டல் போட்டாள், சிட்டாகப் பறந்துவிட்டார்கள். கம்பம் வரை துரத்தினாள், தொட்டுத் திரும்பினாள். நெஞ்சு படபடத்தது. யாரையும் பிடிக்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. எதிரே வரிசையில் ஒரே ஒரு முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

நேராக அங்கே வந்தாள். விரல் நுனியால் தொட்டால் போதும், ஆனால் உள்ளங்கை முழுவதையும் அந்த முதுகில் வைத்தாள்.

"கோ."

திரௌபதி எழுந்து ஓடினாள். அவள் விட்ட கட்டத்தில் ரசியா குந்தினாள். அந்தக் கட்டத்தில் குந்தினால் மேற்கேதான் பார்க்க வேண்டும். மலை தெரிந்தது, மலைக்கு முன்னால் வெறுங்காலோடு, முகத்தைத் துடைக்காமலேயே ஒரு சின்னப் பெண்ணைத் துரத்திக்கொண்டு ஓடுகிற திரௌபதி தெரிந்தாள்.